முழங்கால் மட்டம்

திருமலைராயன்பட்டினத்துக்கும் கீழவாஞ்சூருக்கும் நடுவே, நிலக்கரி லாரிகள் ஓடும் சாலையை விட்டு மேற்கே இறங்கினால் ஒரு மூன்று மாடிக் கட்டடம் நிற்கும். 'கடைமடை நீரோட்டப் பின்னூட்டக் கட்டுப்பாட்டு உயராய்வு மையம்' என்று வாசலில் பொன்னெழுத்தில் போட்டிருக்கும். பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர்களுக்கு அங்கே உடனே வேலை கிடைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். இயக்குநர் சசிதரனே 'பின்னூட்ட' என்ற இடத்தில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொள்வார்.

மையம் வருவதற்கு முன்னால் நடந்ததெல்லாம் ரொம்பச் சாதாரணம். வயல்களில் தேங்கும் மழைத் தண்ணீர் வடிகால் வழியாகக் கடலுக்குப் போகும். வடிகால் கடலைச் சேரும் இடத்தில் ஒரு ஷட்டர். கடல் ஏறும்போது ஷட்டரை இறக்குவார்கள். உப்புத் தண்ணீர் வயலுக்கு வராது. கடல் இறங்கும்போது ஏற்றுவார்கள். வயல் தண்ணீர் வடிந்துவிடும். இதற்கு ஒரு இரும்புக் கைப்பிடி, அதைச் சுற்ற செல்லக்கண்ணு என்று ஒரு ஆள். செல்லக்கண்ணு சில நாள் தூங்கிவிடுவான். ஊர் திரண்டு போய்த் திட்டும். எழுந்து சுற்றுவான். அந்தக் காலத்தில் பின்னூட்டம் என்பது அந்தத் திட்டுதான். இதில் கணிதம் இல்லை என்பதை மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்தார்கள். மையம் வந்தது.

வந்ததும் முதல் வேலையாகக் கைப்பிடியைக் கழற்றினார்கள். இப்போது அது மையத்தின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மேலே ஒரு சின்ன விளக்கு, கீழே 'கணிதத்துக்கு முந்தைய காலம்' என்று ஒரு பலகை.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான், கார்த்திகை மழை விடாமல் ஊற்றிய ஒரு காலையில், கால்சட்டை நனைந்த விவசாயி நீலமேகம் வந்து நின்றார். வடிகாலின் கடைசி மூலையில் இருப்பது அவருடைய வயல். போன வருஷச் சம்பாவை உப்புத் தண்ணீர் கொண்டுபோனது. இந்த வருஷம் பயிர் கதிர் விடுவதற்குப் பொதி கட்டி நிற்கிறது. மாசியில் மகள் தீபா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வருகிறாள். "எம் பொண்ணு கடை அரிசி திங்கிறதுக்கா இங்க வரா? நம்ம வயல் சோறுதான் போடணும்" என்று மனைவி கமலாம்பாள் ஆடியிலேயே சொல்லிவிட்டாள். நீலமேகமும் தலையாட்டிவிட்டார். அந்தச் சோறு இப்போது தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தது.

"ஷட்டரைக் கொஞ்சம் தூக்கிவிடச் சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் வேணாம்" என்றார், வரவேற்பில் இருந்த ஆய்வாளர் இளவேனிலிடம். இளவேனில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள். வேலையில் சேர்ந்த புதிது. அதனால் யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்ற கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை.

"தண்ணி எவ்வளவு நிக்குதுங்கய்யா?"

"முழங்கால் மட்டம் நிக்குதும்மா."

இளவேனில் உள்ளே போனாள். சிறிது நேரத்தில் இயக்குநர் சசிதரனே வெளியே வந்துவிட்டார். நீலமேகத்தின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு. "இத்தனை நாளா இந்த ஒரு எண்ணுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்" என்றார். "மண்ணோட மனுஷன் வாயிலேருந்தே வந்திடுச்சு. முழங்கால் மட்டம். ரொம்ப நன்றிங்க. போயிட்டு வாங்க."

நீலமேகம் நேரே ஷட்டருக்குப் போனார். அங்கே செல்லக்கண்ணு நீலச் சட்டை, கழுத்தில் அட்டை சகிதம் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் புது மோட்டார், பாலித்தீன் போர்த்தி, மேலே குங்குமப் பொட்டு.

"செல்லக்கண்ணு, கடல் எறங்கிக்கிட்டிருக்கு. தூக்கிவிடப்பா."

"அண்ணே, நான் இப்ப ஷட்டர் சுத்துற லஸ்கர் இல்ல. ஆக்சுவேட்டர்" என்று அட்டையைத் திருப்பிக் காட்டினான். "வரைபடத்துல எனக்குன்னு ஒரு கட்டம் போட்டிருக்காங்க. ஒரு அம்புக்குறி உள்ள வரும், ஒண்ணு வெளிய போகும். உள்ள வந்தாத்தான் வெளிய போகணும். சிக்னல் வரணும்ணே."

"சிக்னல் எப்ப வரும்?"

"சமன்பாடு தீர்ந்தா வரும்."

"எப்பத் தீரும்?"

"அது என் கட்டத்துல இல்லண்ணே" என்றான் செல்லக்கண்ணு. திட்டினால் எழுந்து சுற்றுகிற பழைய ஆள் இல்லை என்று நீலமேகத்துக்குப் புரிந்தது. திட்டியும் பார்த்தார். அவன் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

மறுபடியும் மையம். இந்தத் தடவை சசிதரன் அவரை மாடிக்கு அழைத்துப் போய் தேநீர் கொடுத்து உட்காரவைத்தார். சமன்பாட்டைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் வந்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"வடிகால் முழுக்க லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டமா வெட்டியிருக்கோம். ஒரு கட்டத்துத் தண்ணி அசைஞ்சா மத்த ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன ஆகும்னு ஒரு மேட்ரிக்ஸ். ரிக்காட்டி சமன்பாடுன்னு பேரு. விடையை முழுசா எழுதினா இந்தக் கட்டடத்துல வைக்க இடம் இல்ல. அதனால எழுதாமலே தீர்க்கிறோம். ஒரு சுற்று ஓட்டினா ஒரு விடை வரும். அதை வச்சு இன்னொரு சுற்று, இன்னும் நல்ல விடை. இப்படியே குவிஞ்சுகிட்டே போகும்."

"அப்ப ஓட்டுங்க சார்."

"அங்கதான் ஒரு நுட்பம். முதல் சுற்று ஆரம்பிக்கணும்னா, தண்ணியை ஏற்கெனவே அடக்கி வச்சிருக்கிற ஒரு விடை நம்ம கையில இருக்கணும். அடங்காத தண்ணியிலேருந்து ஆரம்பிச்சா கணக்கு வெடிச்சிடும்."

நீலமேகம் தேநீரை வைத்துவிட்டு யோசித்தார். "அப்ப தண்ணி முதல்ல அடங்கணும். அதுக்கப்புறம் நீங்க அதை அடக்குறது எப்படின்னு கண்டுபிடிப்பீங்க."

"பாத்தியா இளவேனில்! நம்ம பயிற்சியாளர்களுக்கு ஒரு வருஷம் ஆகுது இது புரிய!" என்று சசிதரன், பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அவளிடம் சொல்லித் தொடையில் தட்டினார்.

"சார், அதுவரைக்கும் அந்தக் கைப்பிடியைக் குடுங்க. சுத்திட்டுத் திருப்பிக் கொண்டாந்து வச்சுடுறோம்."

சசிதரனின் முகம் மாறியது. கோயில் சிலையைக் கேட்டது போல ஆகிவிட்டது. "அது அருங்காட்சிப் பொருள்ங்க" என்றார் மெல்லிய குரலில். "அதோட, நீங்க பாட்டுக்குச் சுத்திட்டீங்கன்னா தண்ணி எறங்கிடும். நாங்க எந்தத் தண்ணிக்குச் சமன்பாடு தீர்க்கிறது?"

மழை நிற்கவில்லை. தண்ணீர் தொடைக்கு ஏறியது. அடுத்த தடவை போனபோது மையத்தில் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சமன்பாட்டைச் சுருக்கிவிட்டார்களாம். லட்சக்கணக்கான கட்டம் இனி ஒரு கைப்பிடி அளவுதானாம். பெரிய திரையில் வடிகாலின் படம் ஓடிக்கொண்டிருந்தது. நீலமேகம் ஒரு லட்டைக் கையில் வைத்துக்கொண்டு தன் வயலைத் தேடினார். பக்கத்து வயல் இருந்தது. பக்கத்து வயலின் பம்பு செட் கூட இருந்தது. அதற்கு அப்பால் திரை வெள்ளையாக இருந்தது.

"என் வயல் எங்கம்மா?"

இளவேனில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது மூலையில இருக்குங்கய்யா. ஷட்டரை எவ்வளவு அசைச்சாலும் அங்க தண்ணி மெதுவாத்தான் அசையுது. அங்கேருந்து எங்க கருவிக்குப் பெரிசா ஒண்ணும் தெரியறதும் இல்ல. ரெண்டும் கம்மியா இருக்கிற எடத்தை வெட்டிட்டா விடை மாறாதுன்னு ஒரு தேற்றம்."

"வயல் அங்கதானம்மா இருக்கு. இப்பத்தான் பாத்துட்டு வரேன்."

"அங்க இருக்குங்கய்யா. கணக்குல இல்ல."

அன்றைக்கு நீலமேகம் கத்தினார். அவர் இயல்பாகக் கத்துகிற ஆள் இல்லை. எனவே கத்தல் சரியாக வரவில்லை, நடுவில் அழுகை போலத் திரும்பிவிட்டது. மகள் பெயரைச் சொன்னார், போன வருஷத்து உப்பைச் சொன்னார், லட்டு கையிலேயே உதிர்ந்தது. சசிதரன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பலகைக்குப் போய் வரைபடத்தின் இடது ஓரத்தில் ஒரு அம்புக்குறி வரைந்து, அதன் மேல் 'இடையூறு' என்று எழுதினார்.

"உங்களை நாங்க ஒதுக்கலைங்க" என்றார் கனிவாக. "முறையா உள்ள கொண்டு வந்துட்டோம். மழை, காத்து, நீங்க. இனிமே எந்தத் தீர்வு வந்தாலும் உங்களையும் மீறி நிக்கிற மாதிரித்தான் வரும்."

கமலாம்பாளிடம் அன்று இரவுச் சாப்பாட்டில் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "திறக்கிறேன்னாங்களா?" என்று அவள் கேட்டாள். "சேத்துக்கிட்டிருக்காங்க" என்றார். எதில் சேர்த்தார்கள் என்று சொல்லவில்லை.

இதற்கிடையில் அளவுமானி போய்விட்டது. வடிகாலில் மிதக்கவிட்டிருந்த அந்தக் கருவி வெள்ளத்தில் கடலுக்கு அடித்துக்கொண்டு போய், கருக்களாச்சேரி மீனவர்கள் வலையில் விழுந்தது. நல்ல மனுஷர்கள். மீனோடு சேர்த்து வெயில் கண்ட நேரத்தில் காயவைத்து, துடைத்து, கொண்டுவந்து கொடுத்தார்கள். அதிலிருந்து அது 'வறட்சி' என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது. அளவு இல்லாமல் பின்னூட்டம் இல்லை. மையத்தில் அவசரக் கூட்டம் நடந்தது. முழு நேரமும் தண்ணீரிலேயே நிற்கிற ஒரு கருவி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள்.

இப்படித்தான் நீலமேகம் உணரி, அதாவது சென்சார், ஆனார். வரவேற்பறையில் நிற்கவைத்து அவர் கணுக்கால், முழங்கால், தொடை, இடுப்பு எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொண்டார்கள். செருப்பு போடக் கூடாது. குனியக் கூடாது. தினம் காலையில் தன் வயல் ஓரம் வடிகாலில் நின்று, போன் வந்ததும் தண்ணீர் எதுவரை இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"வயலே கணக்குல இல்லன்னுட்டீங்களே சார். நான் எங்க நிக்கிறது?"

"வயல்தான் இல்ல. நிக்கிற நீங்க உண்டு" என்றார் சசிதரன். "ஒண்ணே ஒண்ணு. உணரி கருத்துச் சொல்லக் கூடாது."

நீலமேகம் ஒத்துக்கொண்டார். தன் வாயால் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தார். வேறு எதை நினைப்பது? மறுநாள் காலை இளவேனிலிடமிருந்து போன் வந்தது.

"தொடை வரைக்கும் நிக்குதும்மா."

விசைப்பலகை தட்டும் சத்தம். "பதிஞ்சுட்டேங்கய்யா. கணக்கு முழங்கால்னு சொல்லுது."

"நிக்கிறது நான்ம்மா!"

இளவேனில் குரலைத் தாழ்த்தினாள். "பாதிக்கப்பட்டவங்க கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்கன்னு சார் உங்க சொல்லுக்கு எடையைக் குறைச்சு வச்சிருக்காருங்கய்யா. கணக்கு தானா ஒண்ணு ஊகிக்கும். உங்களை லேசாச் சேத்துக்கும். அதுக்கு இன்னொரு ரிக்காட்டி சமன்பாடு இருக்கு."

"இன்னொண்ணா?"

"ஆமாங்கய்யா. அது தீந்துடுச்சு."

மார்கழி பிறந்து மழை ஒருவழியாக விட்டது. பிறகு ஒரு அதிசயம் நடந்தது. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ஷட்டரின் அடியில் துரு தின்று ஒரு ஓட்டை விழுந்திருந்தது. கடல் ஏறும்போது சகதி அதை அடைத்துக்கொள்ளும்; கடல் இறங்கும்போதெல்லாம் அதன் வழியாகத் தண்ணீர் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று மாடிக் கட்டடம் செய்யாததைத் துரு செய்தது. தொடையிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து கணுக்கால். பள்ளத்துப் பக்கத்துப் பயிர் அழுகிப்போனாலும் பாதி வயல் பிழைத்து நின்றது. ஒரு காலையில் பச்சைக்கு நடுவே முதல் கதிர்கள் தலை நீட்டியிருந்தன. நீலமேகம் கமலாம்பாளைக் கூட்டிவந்து காட்டினார். அவள் ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "போதும். அவளுக்கும் புள்ளைக்கும் இது போதும்" என்றாள். நீலமேகம் போனில் உற்சாகமாக, "கணுக்கால்ம்மா, கணுக்கால்!" என்று சொன்னார்.

நல்ல செய்தியைச் சொன்னால் கணக்கு நம்பிவிடும் போலிருக்கிறது. அடங்கிய தண்ணீர் கிடைத்துவிட்டது என்று மையத்தில் குதித்தார்கள். முதல் சுற்று ஓடியது. அடுத்தடுத்த சுற்றுகள் ஓடின. விடை குவிந்தது.

விழாவுக்கு ஷட்டரின் ஓட்டையை அடைத்து, வர்ணம் பூசி, அதன் மேடையிலேயே பந்தல் போட்டார்கள். புதுச்சேரியிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். நீலமேகத்தை முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். அவருக்குப் பின்னால் கடல் ஏறிக்கொண்டிருந்தது, சத்தத்திலேயே தெரிந்தது. ஏறுகிற நேரத்தில் ஷட்டர் விழா எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. நாடா வெட்டுவதற்கு எந்த நேரமாக இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டார்.

சசிதரன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"வெள்ளம் எல்லா ஊருக்கும் வரும். இவ்வளவு பெரிய மேட்ரிக்ஸ் எல்லா ஊருக்கும் வருமா? காரைக்காலுக்கு வந்திருக்கிறது! சிலர் கேட்கிறார்கள், தண்ணீரை எப்போது வெளியேற்றுவீர்கள் என்று. தண்ணீரை வெளியேற்றுவது எங்கள் வேலை அல்ல. தண்ணீர் அதன் இயல்பு நிலையிலிருந்து விலகாமல் காப்பதே எங்கள் வேலை. அந்த இயல்பு நிலை எது? அதை நாங்களாக முடிவு செய்யவில்லை. எங்களுக்கு அந்த ஆணவம் கிடையாது. இந்த மண்ணில் பிறந்த விவசாயி, நம் நீலமேகம் ஐயா, முதல் நாளே எங்கள் வாசலில் வந்து நின்று சொன்னார்: முழங்கால் மட்டம்! எங்கள் சமன்பாடு முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் எழுப்பப்பட்டிருக்கிறது. இன்று தண்ணீர் வருந்தத்தக்க முறையில் கணுக்காலுக்குச் சரிந்திருக்கிறது. இதோ, அதை நிமிர்த்தப் போகிறோம்!"

கைதட்டினார்கள். யாரோ நீலமேகத்தின் தோளில் சால்வை போர்த்தினார்கள். அதை உதறிவிட்டு அவர் எழுந்தார். "சார், அது புகார் சார்! நான் புகார் சொன்னேன் சார்!" என்று கத்தினார். ஒலிபெருக்கி அவர் கையில் இல்லை. ஏதோ உணர்ச்சிவசப்பட்டு நன்றி சொல்கிறார் என்று நினைத்துப் புதுச்சேரிப் பெரியவர் ஒருவர் இன்னொரு தடவை கைதட்டினார். மேடை ஓரத்தில் நின்ற இளவேனில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொத்தான் அமுங்கியது. மோட்டாரின் பாலித்தீன் நீங்கியது. நீலமேகம் செல்லக்கண்ணுவிடம் ஓடினார்.

"ஏத்தாதடா! கடல் ஏறுதுடா! கதிர் வந்திருக்குடா!"

"சிக்னல் ஏத்தச் சொல்லுதுண்ணே" என்றான் செல்லக்கண்ணு. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் ஆக்சுவேட்டர் கலங்கினால் அது எங்கே போக வேண்டும் என்று வரைபடத்தில் அம்புக்குறி இல்லை.

ஷட்டர் அழகாக, சத்தமில்லாமல் ஏறியது. கடல் உள்ளே வந்தது. நுரையோடு வடிகால் நெடுகப் போய், வரப்பைத் தாண்டி, கணக்கில் இல்லாத வயலுக்குள் நுழைந்தது. மேடையில் இருந்த திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல ஏறி, இன்னொரு கோட்டோடு ஒட்டிக்கொண்டது. 'விலகல்: பூஜ்யம்' என்று எழுத்து வந்தது. ஷட்டர் தானாகவே இறங்கி மூடிக்கொண்டது. எல்லோருக்கும் பொட்டலத்தில் புளியோதரை கொடுத்தார்கள். விழா அறிக்கையில் பயிர்ச் சேதம் ஏதுமில்லை என்று எழுதினார்கள். அதுவும் உண்மைதான். படத்தில் அந்த இடத்தில் பயிரே இல்லை.

மறுநாள் காலை வழக்கம் போல நீலமேகம் தண்ணீரில் நின்றார். வரப்பில் கமலாம்பாள் உட்கார்ந்திருந்தாள். வடிகாலிலிருந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். கதிர்கள் இன்னும் பச்சையாகத்தான் இருந்தன. உப்புக்கு இரண்டொரு நாள் பிடிக்கும்.

போன் வந்தது. "அளவு சொல்லுங்கய்யா" என்றாள் இளவேனில்.

நீலமேகம் தன் புத்திக்கு எட்டியவரை யோசித்து வைத்திருந்தார். தண்ணீர் கூடிப் போச்சு என்று நம்பிவிட்டால், கூடினதைக் குறைக்கக் கடல் இறங்கும்போது திறப்பார்களே. இப்போதே வடிந்தால்கூடக் கொஞ்சம் பிழைக்கும். அளவு விஷயத்தில் அதுவரை அவர் பொய் சொன்னதில்லை.

"இடுப்பும்மா" என்றார். "இடுப்புக்கு மேல. மார் வரைக்கும் ஏறுது. சீக்கிரம் வடியவிடச் சொல்லும்மா."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

"என்னம்மா சொல்லுது?"

"உங்க சொல்லுக்கு எடை கம்மிங்கய்யா." அவள் அழுவது போலிருந்தது. "நான் ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன். முழங்கால்னுதான் சொல்லுது. விலகல் இல்லையாம். இனிமே ஷட்டரை அசைக்கவே வேண்டாமாம்."

நீலமேகம் குனியக் கூடாது என்பதை மறந்து குனிந்து பார்த்தார். தண்ணீர் நூல் பிடித்தது மாதிரி முழங்காலில் நின்றது. மையம் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் கணக்கு சரியாக இருந்தது.